சுண்ணாம்புக் குழியில் ஒரு பொய்!

"குடுங்கடா... என் புள்ளைய என்கிட்ட குடுங்கடா!"

அலறல் ஆஸ்பத்திரியின் பின்பக்கத்துத் தனி வார்டிலிருந்து வந்தது.

காரிடாரில் நடந்துகொண்டிருந்த டாக்டர் புருல் விலுக்கென்று நின்றாள். கையிலிருந்த டீ தளும்பி வெள்ளைக் கோட்டில் கொட்டியது.

"சனியன்!" என்றாள், டீயைப் பார்த்து.

கரா-தாஷ் மாவட்டத்துக்கே ஒரே தோல் டாக்டர் அவள்தான். வீட்டில் நாலாவது பெண். இனிமேலாவது பையன் பக்கம் திரும்பட்டும் என்று அப்பா 'புருல்' என்று பெயர் வைத்தார். புருல் என்றால் 'திரும்பு'. எதுவும் திரும்பவில்லை. அடுத்ததும் பெண்ணாகவே பிறந்தது. அந்தக் கடுப்பு இன்று வரைக்கும் புருலின் முகத்தில் குடியிருக்கிறது.

தனி வார்டின் கதவில் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள்.

'அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்! உள்ளே வராதே!'

நர்ஸ் குமுஷ் ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"உள்ள போகாதீங்கக்கா! ஒரு வாரமா யாருமே போறதில்ல. சாப்பாட்டக்கூட ஜன்னல் வழியாத்தான் தள்றோம்."

"யாருடி அந்தப் பொண்ணு?"

"பெர்மெத். மேல மேய்ச்சல்ல ஒமுர்சாக் பெரியவர் செத்துட்டாருல்ல... அவரோட மருமக. அவர் கட்டைவிரல்ல இருந்த அதே புண்ணு இவ கைலயும் இருக்கு. சுகாதார அதிகாரி எல்தியார் சார் கையெழுத்துப் போட்டு அடைச்சு வெச்சிருக்காரு. சாவிகூட அவர்கிட்டயும் எங்கிட்டயும்தான்."

"புண்ணு எங்க?"

"தோல்லதான்..."

"தோல்ல! இந்த ஊர்ல தோல் டாக்டர்னு ஒருத்தி சம்பளம் வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கா. அவளக் கூப்பிடணும்னு ஒரு மண்டைக்கும் தோணல!"

"நீங்க லீவுல இருந்தீங்க..."

"லீவு முடிஞ்சு வந்துட்டேன்டி! கதவத் திற!"

திறந்தாள்.

கட்டிலில் இருபத்து நாலு வயதுப் பெண் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கவுனின் மார்புப் பக்கம் முழுக்க ஈரம். பால் கட்டிக்கொண்டு வழிந்துகொண்டிருந்தது.

"டாக்டர் அக்கா... என் புள்ள பக்கத்துக் கூடாரத்துல பசியில கத்திக்கிட்டிருக்கும். நாளைக்கு சாயங்காலம் என் மந்தையையே எரிக்கப் போறாங்களாம். மொத்தத்தையும்! எரிச்சிட்டா மாஸ்கோவுல டாக்ஸி ஓட்டற என் புருஷன் எதுக்குத் திரும்பி வருவாரு?"

"மொதல்ல கையக் காட்டு."

காட்டினாள். ஆள்காட்டி விரலில் ஒரு புடைப்பு. நடுவில் சிவப்பு. அதைச் சுற்றி வெள்ளை வளையம். வெளியே மறுபடியும் சிவப்பு. மேலே நீர் கசிந்துகொண்டிருந்தது.

புருல் குனிந்தாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் குனிந்தாள்.

"தொட்டா வலிக்குதா?"

"வலிக்குது."

"காய்ச்சல்?"

"இல்ல."

"கை முழுக்க வீங்கிச்சா?"

"இல்லக்கா."

அடைப்பான் புண் வலிக்காது. கை தலையணை மாதிரி வீங்கும். நடுவே கரி அப்பியது போல் கருத்துப் போகும். இங்கே அதில் ஒன்றுகூட இல்லை. புருலுக்குக் காது மடல் சூடானது.

"உங்க குட்டிங்க வாயில புண்ணு இருக்கா? உதட்டோரமா, பொருக்குப் பொருக்கா?"

"இருக்கே! தாயில்லாத குட்டிங்களுக்கு பாட்டில்ல பால் குடுப்போம். அப்ப கைய நறுக்குனு கடிச்சிடும்."

"மாமனாரும் குடுப்பாரா?"

"அவரா?" பெர்மெத்துக்கு அழுகையினூடே சிரிப்பு வந்தது. "அவர் வந்தவங்களையும் விடமாட்டாரு! கூடாரத்துக்குள்ள யார் நுழைஞ்சாலும் சரி, டீ ஊத்தறதுக்கு முன்னாடி ஒரு குட்டியையும் பாட்டிலையும் கைல திணிச்சுடுவாரு. கவர்னர் வந்தாலும் அதேதான். மாட்டேன்னு சொன்னா அப்புறம் அந்த ஆள்கூட பேசவே மாட்டாரு."

"எப்படி செத்தாரு?"

"நான் குதிரைப் பால் கறக்க ஆத்துக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். வந்து பாத்தா போர்வைய கழுத்து வரைக்கும் போத்திப் படுத்திருந்தாரு. எழுப்பினேன்... எழல." சிரிப்பு போய்விட்டது. "அவரக் கழுவக்கூட இல்லக்கா! நான் செத்தா இன்ன மூணு பேர்தான் என் உடம்பக் கழுவணும்னு உயிரோட இருக்கறப்பவே சொல்லி வெச்சிருந்தாரு. மூணு பேரும் வந்து வாசல்ல நின்னாங்க. எல்தியார் சார் விடல. தலைலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை டிரஸ், கைல ரெண்டு ரெண்டு கிளவுஸ்... அவரே பிளாஸ்டிக்ல சுத்தி, சுண்ணாம்புக் குழியில போட்டு மூடிட்டாரு."

"எல்தியாரே மலை ஏறி வந்தானா?"

"அவரேதான்."

புருலுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆபீஸ் வாசலில் சேறு இருந்தால் பின்கதவு வழியாகப் போகிற ஆசாமி அவன்!

* * *

"ஹலோ, எல்தியார்?"

"சொல்லுங்க புருல் அக்கா." போனில் குரல் அவசரமாக வந்தது.

"அந்தப் பொண்ணுக்கு அடைப்பான் இல்ல. ஆட்டு வாய்ப்புண்! ஓர்ஃப்னு படிச்சிருப்பீங்களே, ஞாபகம் இருக்கா? வைரஸ். குட்டி வாயிலேர்ந்து நம்ம கைக்குத் தொத்தும். யாரையும் கொல்லாது. கதவத் திறந்து விடச் சொல்லுங்க."

"அக்கா, ஆர்டர் போயாச்சு."

"எங்க?"

"மேல."

"மேலன்னா வானத்துக்கா?"

"கவர்னர் வரைக்கும் போயாச்சு. மந்தையையும் எரிச்சாகணும்."

"தப்பான ஆர்டர திரும்ப வாங்குங்க!"

"எப்படிக்கா? டீசல் வந்துடுச்சே."

"என்னது?"

"எரிக்கறதுக்கு டீசல். டிரம் டிரம்மா வந்து இறங்கியாச்சு. அத யார்கிட்ட திருப்பிக் குடுக்கறது?"

புருல் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த நாட்டில் நோயைக் குணப்படுத்திவிடலாம். வந்து இறங்கிய டீசலைக் குணப்படுத்த முடியாது.

"சரி. சாம்பிள் எடுத்தீங்களா?"

"தலைநகருக்கு அனுப்பியிருக்கோம்."

"ரிசல்ட்?"

"வரும்."

"ஒரு வாரமாவா?"

"கணவாய்ல பனிச்சரிவுக்கா. ரோடு மூடிக் கிடக்கு."

"மூடிக் கிடக்கா? நேத்துதான்டா என் தங்கச்சி அதே ரோட்ல கார் மேல ஃப்ரிட்ஜக் கட்டிக்கிட்டு வந்தா!"

மறுமுனையில் பைல் புரட்டும் சத்தம்தான் வந்தது.

"நேர்ல வாங்க எல்தியார். ஒரு தடவ அந்தக் கையப் பாருங்க. அஞ்சு நிமிஷம்."

"எனக்கு டைம் இல்லக்கா. வெச்சிடறேன்..."

டொக்!

மறுபடி அடித்தாள். அடித்தாள். அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்!

"மூளை இருக்க வேண்டிய இடத்துல ரப்பர் ஸ்டாம்ப வெச்சுக்கிட்டு திரியறான்!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். ஆஸ்பத்திரித் தலைவரிடம் போனாள். "எல்தியார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அவர். கவர்னர் அலுவலகத்துக்குப் பேசினாள். "எழுதிக் குடுங்க, அடுத்த வாரம் பாக்கறோம்" என்றார்கள். அடுத்த வாரம் பார்ப்பதற்கு அங்கே சாம்பல்தான் இருக்கும்!

அழுகை அழுகையாக வந்தது அவளுக்கு. அதை விழுங்கிவிட்டுத் தனி வார்டுக்கே திரும்பினாள். பெர்மெத்தின் விரலிலிருந்து கொஞ்சம் பொருக்கைச் சுரண்டிக் குப்பியில் போட்டு, பிஸ்கட் டப்பாவில் ஐஸ் அடைத்து, நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள்.

தலைநகர் போகிற ஷேர் டாக்ஸி டிரைவர் டப்பாவை ஆட்டிப் பார்த்தான்.

"என்னக்கா இது, வெண்ணெயா?"

"ஆமா. நக்கிப் பாத்தேன்னா நாக்குல புண்ணு வரும்."

டிரைவர் டப்பாவை இரண்டு விரலால் பிடித்து, டிக்கியின் கடைசி மூலையில் வைத்தான்.

"பிஷ்கெக்ல ஸ்வேத்தான்னு ஒரு குண்டு அம்மா வந்து வாங்கிப்பாங்க. என்கூடப் படிச்சவ. லேப்ல இருக்கா. வழியில எங்கயும் ஆட்டுக்கறி சாப்பிட நிக்காத!"

* * *

மறுநாள் மதியம்.

புருலின் அறையில், மறைப்புத் திரைக்குப் பின்னால், கேப்டன் மெலிஸ் பேன்ட்டை முட்டி வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாவட்டத்தின் குற்றப் பிரிவு முழுவதும் அவர்தான். கால்கள் இரண்டும் மருந்து கரைத்த ஊதாத் தண்ணீர் நிறைந்த பேசினில் ஊறிக்கொண்டிருந்தன. வருஷம் முழுக்க பூட்ஸைக் கழற்றாமல் விரலிடுக்கில் சேற்றுப்புண் வளர்த்திருந்தார்.

"எவ்வளவு நேரம் டாக்டரம்மா?"

"நான் சொல்ற வரைக்கும்."

"என்கிட்ட ஏன் கோவப்படறீங்க? டீசல் வாங்கினது நானா?"

டெலிபோன் அலறியது!

பாய்ந்து எடுத்தாள்.

"ஸ்வேத்தா?"

"நீ சொன்னதுதான் சரி, புருல்! ஆட்டு வாய்ப்புண் வைரஸ். அடைப்பான் கிருமி பேருக்குக்கூட இல்ல. எழுதியும் அனுப்பறேன். அப்புறம் இன்னொண்ணு..."

"சொல்லு."

"ஒரு வாரம் முன்னாடி உங்க ஊர்லேர்ந்து சாம்பிள் அனுப்பியிருக்காங்கன்னு சொன்னியே? எங்களுக்கு எதுவுமே வரல. நாலு தடவ தேடிட்டேன்."

போனை வைத்துவிட்டு புருல் ஒரு குதி குதித்தாள். அந்த வயதில் அந்த உடம்போடு குதித்ததில் மேஜை அதிர்ந்தது.

"கேப்டன்! அடைப்பான் இல்ல! மந்தைய எரிக்கக் கூடாது! பெர்மெத்த வெளில விடலாம்!"

மெலிஸ் நிதானமாகத் தலையாட்டினார்.

"ரொம்ப சந்தோஷம்... அப்ப பெரியவர் எதுல செத்தாரு?"

குதித்த கால் அப்படியே நின்றது.

"என்ன?"

"ஒமுர்சாக்கத்தான் சொல்றேன், டாக்டரம்மா. கல்லு மாதிரி ஆளு. போன மாசம் குதிரை மேல உக்காந்து ஆட்டுக்கடா பறிக்கற ஆட்டத்துல என் தம்பிய கீழ தள்ளிட்டாரு. அவன் இன்னும் இடுப்பப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கறான். அப்படிப்பட்டவரு பட்டப்பகல்ல படுத்துக்கிட்டே செத்துட்டாராமா? அடைப்பான்னு சொன்னாங்க, நம்பினோம். இப்ப நீங்க அது இல்லங்கறீங்க."

"அதனால?"

"அதனால இது கொலையா இருக்கலாம். கூடாரத்துல வேற யார் இருந்தா? மருமக! மாஸ்கோவுக்குப் புருஷன்கிட்ட போகணும்னு அவ கேட்டதும், பெரியவர் விடாததும் ஊருக்கே தெரியும்."

"அவ குதிரைப் பால் கறக்கப் போயிருந்தா!"

"குதிரைங்க சாட்சி சொல்லுமா?"

புருலுக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"கேப்டன், நான் இவ்வளவும் செஞ்சது அந்தப் பொண்ண வெளில எடுக்கறதுக்கு!"

"எடுத்துட்டீங்களே. இனிமே நான் உள்ள வைக்கறேன்."

கையிலிருந்த துண்டை அவர் முகத்தில் எறிந்தாள். மெலிஸ் அதைப் பிடித்து மடியில் விரித்துக்கொண்டார்.

"கோவப்படாதீங்க. குழியத் தோண்டறதுக்கு ஆர்டர் வாங்கணும். அதுவரைக்கும் இந்த ரிசல்ட்ட யாருக்கும் சொல்லாதீங்க. மந்தைய எரிக்கறத நான் நிறுத்தி வைக்கறேன்... அது போதும்ல?"

போதவில்லை. எதுவுமே போதவில்லை. உண்மையைக் கண்டுபிடித்தோம், அது அந்தப் பெண்ணை இன்னொரு பூட்டுக்குள் தள்ளிவிட்டது என்று நினைக்க நினைக்க அவளுக்குப் பொறுக்கவில்லை. பேசாமல் வாயை மூடிக்கொண்டு டீ குடித்திருக்கலாம்!

டக்... டக்...

கதவை யாரோ தட்டினார்கள்.

"திரையை இழுங்க!" என்று மெலிஸ் கிசுகிசுத்தார். "கேப்டன் கால ஊற வெச்சிருக்கறத ஊர் பாக்கணுமா?"

இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வாசலில் எல்தியார்!

* * *

விலையுயர்ந்த கோட். வாரிய தலை. ஆனால் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. உள்ளே வந்தவன் கதவைத் தாழிட்டான்.

"அக்கா... யாருக்கும் சொல்லக்கூடாது."

"எத?"

வலது கையிலிருந்த தோல் கையுறையை உருவினான். ஜூன் மாதத்தில் தோல் கையுறை!

ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு புடைப்பு. நடுவில் சிவப்பு. சுற்றிலும் வெள்ளை வளையம். வெளியே மறுபடியும் சிவப்பு. நீர் கசிந்துகொண்டிருந்தது.

புருலுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. முகத்தில் அதைக் காட்டிக்கொள்ளாமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டாள்.

"உக்காருங்க. மாத்திரை எதாவது?"

"ரெண்டு வகை முழுங்கறேன்கா! ஒரு வாரமா! கேக்கவே மாட்டேங்குது. வளந்துக்கிட்டே போவுது!"

பாக்டீரியாவைக் கொல்கிற மாத்திரைகளைப் பற்றி வைரஸுக்கு என்ன கவலை? ஆனால் எல்தியார் நோயாளியைத் தொட்டு வருஷக்கணக்காகிவிட்டது. பைல்களுக்குப் புண் வருவதில்லை.

"என்னன்னு நெனைக்கறீங்க?" என்றாள்.

"நீங்கதான் சொல்லணும்!"

"நான் எதுக்கு? தோல் டாக்டர் பேச்ச யார் கேக்கறாங்க? நீங்கதான் நிபுணர். மேல வரைக்கும் எழுதி அனுப்பினவரு."

"அக்கா, விளையாடாதீங்க... கிழவருக்கும் இதேதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்கும் இதேதான்."

"ஆமா. மூணும் ஒண்ணுதான். அதுல எனக்கு சந்தேகமே இல்ல."

எல்தியார் தன் விரலை மறுபடி பார்த்தான்.

"அப்ப..."

"அப்ப நீங்க கையெழுத்துப் போட்டது சரின்னா, இது என்னன்னு உங்களுக்கே தெரியும். தனி வார்டுல பெர்மெத் ரூமுக்குப் பக்கத்து ரூம் காலியாத்தான் இருக்கு. சாப்பாடு ஜன்னல் வழியா வரும்."

"வேணாம்!"

"ஏதாவது ஆயிடுச்சுன்னாலும் கவலப்படாதீங்க. நீங்க எழுதின விதிமுறைப்படியே செஞ்சிடறோம். கழுவ மாட்டோம். பிளாஸ்டிக்ல சுத்தி..."

"அக்கா!"

"சுண்ணாம்பு மிச்சம் இருக்கா, வாங்கணுமா?"

எல்தியார் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கண்கள் பிதுங்கின.

"நான் சாகமாட்டேன்! இதுல யாரும் சாகல!"

"ஒமுர்சாக் செத்தாரே."

"அவன் இதுல சாகல!!"



ஜன்னலுக்கு வெளியே யாரோ குதிரையை அதட்டுவது கேட்டது. எல்தியார் தன் வாயையே கையால் பொத்திக்கொண்டு நின்றான். புண்ணிருந்த கையால்.

புருல் மெதுவாகக் கேட்டாள்:

"பின்ன எதுல செத்தாரு எல்தியார்?"

சளக்!

திரைக்குப் பின்னாலிருந்து தண்ணீர்ச் சத்தம்.

"அதத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றபடி கேப்டன் மெலிஸ் வெளியே வந்தார். சுருட்டிய பேன்ட். முட்டிக்குக் கீழே ஊதா நிறக் கால்கள். கையில் துப்பாக்கி.

எல்தியார் ஒரு நொடி அந்தக் கால்களைப் பார்த்தான். பிறகு துப்பாக்கியைப் பார்த்தான். சட்டென்று குரலை மாற்றினான். அதிகாரி திரும்பி வந்துவிட்டான்.

"கேப்டன், தப்பா எடுத்துக்கிட்டீங்க. பயத்துல என்னவோ உளறிட்டேன். வயசானவரு... இதயம் நின்னிருக்கலாம்னு சொல்ல வந்தேன். பொணத்தச் சுத்தினப்ப கிளவுஸ் கிழிஞ்சிருக்கணும். அப்பத்தான் எனக்கும் தொத்தியிருக்கு."

மெலிஸ் புருலைப் பார்த்தார். துப்பாக்கி கொஞ்சம் தாழ்ந்தது.

"அப்படியும் நடக்கலாமே டாக்டரம்மா?"

"நடக்காது!" புருல் எல்தியாரின் மணிக்கட்டைப் பிடித்து விளக்குக்குக் கீழே இழுத்தாள். "நல்லா பாருங்க. பொணத்த சுத்தி ஒரு வாரம்தான் ஆச்சு. அன்னிக்குத் தொத்தியிருந்தா இப்ப ஒரு சின்ன சிவப்புப் பொட்டு இருக்கணும், அவ்வளவுதான். இதுல வளையம் விழுந்து நீர் கசியுது. இந்தப் புண்ணு குழி தோண்டறதுக்கு முன்னாடியே இந்த விரலுக்குள்ள போயாச்சு!"

"புரியற மாதிரி சொல்லுங்க."

"பெரியவர் சாகறதுக்கு சில நாள் முன்னாடியே இந்த ஆள் அந்தக் கூடாரத்துக்குப் போயிருக்கான். கிளவுஸ் இல்லாம. இது ஆட்டுக்குட்டி கடிச்ச விரல் கேப்டன்! ஆபீஸ்ல ஏது ஆட்டுக்குட்டி? ஒமுர்சாக்தான் வர்றவங்க கைல எல்லாம் குட்டியையும் பாட்டிலையும் திணிப்பாரு."

எல்தியார் கையை உருவப் பார்த்தான். அவள் விடவில்லை. நேற்றிலிருந்து சேர்ந்த கோபம் முழுக்க அந்தப் பிடியில் இருந்தது.

"ஏன் எல்லாத்தையும் விட்டுட்டு அடைப்பான்னு எழுதினான்? இப்பத்தான் எனக்குப் புரியுது. மாரடைப்புன்னு எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்? பெரியவர் பேர் சொல்லி வெச்ச மூணு பேர் உள்ள வந்திருப்பாங்க. சட்டையக் கழட்டியிருப்பாங்க. தண்ணி ஊத்தித் தேச்சுக் கழுவியிருப்பாங்க. நம்ம ஊர்ல அவங்க கண்ணுக்குத் தப்பி ஒரு பொணமும் மண்ணுக்குள்ள போகாது. அடைப்பான்னு எழுதினாத்தான் யாரும் தொடமாட்டாங்க! என்ன எல்தியார்... போர்வை ஏன் கழுத்து வரைக்கும் இருந்துச்சு?"

எல்தியார் விழுந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தி, அதில் உட்கார்ந்தான். வாரிய தலை கலைந்துவிட்டது.

"கொம்புதான் காரணம்" என்றான்.

"எந்தக் கொம்பு?"

"மலைச் செம்மறிக் கொம்பு. வெளிநாட்டுக்காரனுங்க ரெண்டு பேர வேட்டைக்குக் கூட்டிட்டுப் போனேன். தடை பண்ண இடம். என் ஜீப்ல கொம்பு இருந்தத கிழவன் பாத்துட்டான். சமாதானம் பேசலாம்னு போனேன். மருமக ஆத்துக்கு அந்தப் பக்கம் போற நேரமாப் பாத்துத்தான் போனேன்."

"போனவுடனே குட்டியக் குடுத்தாரா?" என்று மெலிஸ் ஆவலாகக் கேட்டார்.

"குடுத்தான். வாங்கலன்னா பேசவே மாட்டானே! மடில வெச்சுக்கிட்டு பாட்டில பிடிச்சேன். கடிச்சுது. சிரிச்சுக்கிட்டே இருந்தேன். கடைசில கிழவன், 'பால் குடுத்ததுக்கு நன்றி தம்பி, ஆனா ஊர்க்கூட்டத்துல சொல்லத்தான் போறேன்'னு சொல்லிட்டான். சில நாள் கழிச்சு மறுபடி போனேன். மறுபடியும் அதையே சொன்னான். என் கை..."

அவன் தன் கையைப் பார்த்தான்.

"கழுத்தா?" என்றார் மெலிஸ்.

தலை அசைந்தது.

மெலிஸ் விலங்கை எடுத்தார்.

புருல் கதவைத் திறந்துகொண்டு தனி வார்டுக்கு ஓடினாள். "குமுஷ்! திறடி கதவ!"

"சாவி எல்தியார் சார்கிட்டக்கா. இன்னிக்குக் காலைல வந்து, நீங்க திறந்து விட்டுடுவீங்கன்னு சொல்லி என்னோடதையும் வாங்கிட்டுப் போயிட்டாரு."

புருல் கதவை ஓங்கி ஓர் உதை விட்டாள். கதவு அசையவில்லை. கால் கட்டைவிரல் வீங்கியது. உள்ளேயிருந்து பெர்மெத், "என்னக்கா ஆச்சு?" என்று கத்தினாள். "ஒண்ணுமில்ல கண்ணு, நல்லதுதான் நடந்திருக்கு, கொஞ்சம் இரு!" என்று நொண்டிக்கொண்டே திரும்பி ஓடினாள், கைதியின் பாக்கெட்டைத் துழாவ.

* * *

மறுநாள் காலை.

மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் சுண்ணாம்புக் குழியைத் தோண்டினார்கள். சுண்ணாம்பு எல்லாவற்றையும் அரித்துத் தின்றுவிடும் என்று எல்தியார் நம்பியிருந்தான். வார்டுக்குள் போகாத டாக்டருக்கு இதுவும் தெரிந்திருக்கவில்லை. சுண்ணாம்பு உடலை உலர்த்திப் பத்திரமாக வைத்திருந்தது. பிளாஸ்டிக்கைப் பிரித்ததும் கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் தடங்கள் தெளிவாகத் தெரிந்தன.

போலீஸ் டாக்டர் பார்த்து முடித்ததும், வெள்ளைக் கல்பாக் தொப்பி வைத்த மூன்று பெரியவர்கள் முன்னால் வந்தார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டார்கள். வெந்நீர் கொண்டுவரச் சொன்னார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் வாசலிலேயே நிறுத்தப்பட்ட அவமானம் அவர்கள் முகத்தில் இன்னும் இருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் பெர்மெத், மார்பில் குழந்தையோடு, வாய்விட்டு அழுதாள். புருலும் அழுதாள். அவளுக்கு அழுவது பிடிக்காது, ஆனாலும் அழுதாள். அந்த அழுகை இரண்டு பேருக்குமே தேவையாக இருந்தது.

மேலே சரிவில் மந்தை மேய்ந்துகொண்டிருந்தது. டீசல் டிரம்கள் அப்படியே நின்றன. அவற்றை என்ன செய்வதென்று இப்போது மூன்று அலுவலகங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கின்றன.

ஜீப்புக்குப் பக்கத்தில் விலங்கோடு நின்றிருந்த எல்தியார், புருல் அருகே வந்ததும் கெஞ்சும் குரலில் கூப்பிட்டான்.

"அக்கா... நேத்துலேர்ந்து கேக்கறேன். ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. இது அடைப்பான்தானா? நான் செத்துடுவேனா?"

புருல் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இது ஆட்டு வாய்ப்புண். நேத்து மதியமே ரிசல்ட் வந்துடுச்சு."

எல்தியாரின் வாய் பிளந்தது.

"நேத்து... மதியமேவா? நான் வர்றதுக்கு முன்னாடியேவா? அப்ப நான் வந்திருக்கவே வேணாமா? வைத்தியமே பண்ண வேணாமா?"

"மருந்து வேணாம், ஊசி வேணாம். சில வாரத்துல தானா சரியாயிடும். தனி ரூம்ல, வெளி ஆளுங்களோட சேராம, சும்மா உக்காந்திருந்தா போதும்..." புருல் ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தாள். "ஏறுங்க, கேப்டன் ஏற்பாடு பண்ணிட்டாரு!"